சட்டம் செய்கிறவர் மீதும் தீர்ப்பு எழுதுகிறவர் மீதும் புகார் என்றால் எந்தக் கதவைத் தட்டுவது?

தட்டச்சு மேசை | சனிக்கிழமை, மாலை 6.10

வணக்கம். இங்கே படித்துவிட்டுப் போகிறவள்தான் நான். இழை தொடங்குவது இதுவே முதல் முறை. சென்னையில் நீதிமன்றங்களில் 31 ஆண்டுகள் சுருக்கெழுத்துத் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றேன்.

என் தம்பி மகள் சென்ற ஆண்டு ஒரு சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். எந்தக் கட்சி, எந்தத் தொகுதி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். முதியோர் உதவித்தொகை, பட்டா மாற்றம், தெருவிளக்கு எரியவில்லை என்று வருகிற மனுக்களைப் பதிவேட்டில் ஏற்றி உரிய துறைக்கு அனுப்புவது அவள் வேலை. அலுவலகத்தில் மொத்தம் நான்கு பேர். சம்பளத்தை உறையில் போட்டு அவரே தம் கையால் கொடுப்பார். இரண்டரை மாதத்துக்கு முன் அவர் இவளிடம் முறைகேடாக நடந்துகொண்டார். விவரம் எழுத அவள் அனுமதி தரவில்லை. கைபேசியில் செய்திகள் இருக்கின்றன என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இப்போது அவள் வேலைக்குப் போவதில்லை.

நேற்று இரவு என்னிடம் கேட்டாள்: "அத்தை, சட்டம் போடுகிற சபையில் உட்காருகிறவரை அந்தச் சட்டம் கட்டாதா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எத்தனை ஆயிரம் பக்கம் தீர்ப்பு அடித்தவள் நான்!

எனக்கு உடனே நினைவுக்கு வந்தது 1980-களின் நடுவில் நடந்த ஒன்று. எந்த நீதிமன்றம் என்பது வேண்டாம். என்னோடு வேலை பார்த்த பெண் ஒருத்தி, அமர்வில் இருந்த அதிகாரியைப் பற்றிப் புகார் எழுதினாள். தட்டச்சு செய்து கொடுத்தது நான்தான். கார்பன் வைத்து நான்கு பிரதி. அரசு ஊழியர் மேலிடத்துக்கு எழுதினால் "உரிய வழியாக" என்று மேலே குறிப்பிட்டு, உடனடி மேலதிகாரி மூலமாகத்தான் அனுப்ப வேண்டும். அந்த உடனடி மேலதிகாரி யார் என்று நினைக்கிறீர்கள்? யாரைப் பற்றிப் புகாரோ, அவரேதான். அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தோம். மூன்றாம் வாரம் அவளுக்கு ஒரு தாலுகா நீதிமன்றத்துக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அந்த உத்தரவையும் நான்தான் அடித்தேன்.

இப்போதாவது வழி மாறியிருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஐயப்பாடு | சனிக்கிழமை, மாலை 6.31

வழி மாறியிருக்கிறது அம்மா. அப்போது தபால், இப்போது மின்னஞ்சல்.

கறுப்பு அங்கி | சனிக்கிழமை, இரவு 7.15

ஐயப்பாடு, உங்கள் நகைச்சுவையை வேறு இழைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அம்மா, உங்கள் தம்பி மகளுக்கு வழி இருக்கிறது. பாரிமுனையில் 18 ஆண்டுகளாகக் கறுப்பு அங்கி போடுகிறவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-இல் வந்தது. அதற்கு அடி போட்டது, பணியிடத் துன்புறுத்தலைத் தடுக்க உச்ச நீதிமன்றம் நெறிமுறை வகுத்த 1997-ஆம் ஆண்டின் விசாகா தீர்ப்பு. அந்தச் சட்டத்தில் எங்கேயும் "சட்டமன்ற உறுப்பினர் நீங்கலாக" என்று இல்லை. சம்பளம் கொடுத்து வேலை வாங்குகிறவர் யாராக இருந்தாலும் அவர் வேலை கொடுப்பவர். பத்துப் பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு இருக்காது. புகாரே வேலை கொடுப்பவர் மீது என்றால் உள்ளகக் குழு இருந்தும் பயன் இல்லை. இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் மாவட்டந்தோறும் உள்ளூர் புகார் குழு ஒன்று வேண்டும் என்று ஆறாவது பிரிவு சொல்கிறது. சென்னை மாவட்டத்துக்கு ராஜாஜி சாலையில் இருக்கும் ஆட்சியர் அலுவலகத்தில், சிங்காரவேலர் மாளிகையில் கேளுங்கள். "உரிய வழியாக" வேண்டாம். நேராகப் போகலாம்.

சட்டமன்றச் சிறப்புரிமை என்று யாராவது பயமுறுத்துவார்கள். அரசியலமைப்பின் 194-ஆவது பிரிவு காப்பது சபைக்குள் பேசும் பேச்சையும் போடும் வாக்கையும். தொகுதி அலுவலகத்தில் ஊழியரிடம் நடந்துகொள்வது இந்த இரண்டிலும் சேராது. கேரள சட்டமன்றத்துக்குள்ளேயே 2015-இல் உறுப்பினர்கள் மேசை நாற்காலியை உடைத்தார்கள். அதற்கே சிறப்புரிமை கிடையாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாக்குக்குப் பணம் வாங்கிய உறுப்பினரைக் காப்பாற்றிய 1998 தீர்ப்பையும், 2024 மார்ச்சில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு தள்ளிவிட்டது.

காவல் நிலையத்துக்கும் போகலாம். இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 75-ஆவது பிரிவு. பொது ஊழியர் மீது வழக்கு என்றால் அரசின் முன் அனுமதி வேண்டும் என்று நிலையத்தில் இழுத்தடித்தால், இத்தகைய குற்றங்களுக்கு அனுமதி தேவையில்லை என்று 2013-இலேயே சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது என்று சொல்லுங்கள். பெரிய பதவி என்று தயங்க வேண்டாம். பெண் ஐபிஎஸ் அதிகாரி ஒருவர் கொடுத்த புகாரில், சிறப்பு டிஜிபியாக இருந்தவருக்கு விழுப்புரம் நீதிமன்றம் 2023-இல் மூன்றாண்டுச் சிறை விதித்ததை எல்லோரும் பார்த்தோம்.

ஒன்றே ஒன்று, நாளைத் தள்ளாதீர்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் மூன்று மாதம் குழு தரலாம். தர வேண்டும் என்பதில்லை.

அடையாறு ஆலமரம் | சனிக்கிழமை, இரவு 8.02

வழக்கறிஞர் ஐயா சட்டமன்ற உறுப்பினரைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. அம்மாவின் தம்பி மகளுக்கு நியாயம் கிடைக்கட்டும்.

தலைப்பில் நீதிபதியும் இருக்கிறாரே, அங்கேதான் என் தயக்கம். நான் வருவாய்த் துறையில் 34 ஆண்டு இருந்தவன். நில வழக்கில் தோற்ற ஒவ்வொருவரும் கோட்டாட்சியர் லஞ்சம் வாங்கினார் என்றுதான் மனு எழுதுவார். அதே மனநிலையோடு நீதிபதியை அணுகினால் என்ன ஆகும்? விவாகரத்து வழக்கில் தோற்றவர் மறுநாள் காலை "நீதிபதி என்னைப் பாலினப் பாகுபாட்டோடு நடத்தினார்" என்று குழுவுக்கு எழுதுவார். பிறகு எந்த நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்து தீர்ப்பு எழுதுவார்? உயர் நீதிமன்ற நீதிபதியை நீக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று அரசியலமைப்பு சும்மா வைக்கவில்லை. ஆட்சியாளருக்குப் பிடிக்காத நீதிபதியை எளிதில் வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு அது. கடைசியில் பாதிக்கப்பட்ட பெண்ணைக் காப்பாற்றுவதும் அந்தப் பூட்டுதான்.

பொய்ப் புகார்களைப் பற்றி நான் பேசினால் பெண்களுக்கு எதிரி என்பீர்கள். பேசாமல் விடுகிறேன்.

தட்டச்சு மேசை | சனிக்கிழமை, இரவு 8.20

பேசாமல் விடுகிறேன் என்று சொல்லியே பேசிவிட்டீர்கள் ஐயா.

தரமணி மாணவி | சனிக்கிழமை, இரவு 8.47

ஆலமரம் ஐயாவுக்கு: பொய் என்று தெரிந்தே கொடுக்கும் புகாருக்கு 2013 சட்டத்தின் 14-ஆவது பிரிவிலேயே நடவடிக்கை இருக்கிறது. நிரூபிக்க முடியவில்லை என்பதற்காக மட்டும் புகாரைப் பொய் என்று சொல்லிவிட முடியாது என்றும் அதே பிரிவில் எழுதியிருக்கிறது. நான் சட்டம் படிக்கிறேன், நாளை மறுநாள் தேர்வு. இந்த இழையைப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட்டேன்.

எனக்கு அலுவலக அறையைவிடத் தீர்ப்பின் மீதுதான் கோபம். 2015 ஜூனில் நம் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்ததை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறீர்கள்? வன்புணர்வு வழக்கில் தண்டனை பெற்ற ஒருவர், பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரசம் பேசுவதற்காக அவருக்குப் பிணை கொடுத்தார் ஒரு நீதிபதி. ஜூலை முதல் தேதி, வேறொரு வழக்கில், வன்புணர்வுக்குச் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. மத்தியப் பிரதேசத்தில், பிணை வேண்டுமானால் பாதிக்கப்பட்ட பெண் கையால் ராக்கி கட்டிக்கொண்டு வா என்று நிபந்தனை போட்டார்கள். அதை 2021 மார்ச்சில் ரத்து செய்ய வேண்டியிருந்தது. 2024-இல் கர்நாடகத்தில் ஒரு நீதிபதி பெண் வழக்கறிஞரைப் பார்த்துச் சொன்னதை நேரலையில் நாடே பார்த்தது. வருத்தம் தெரிவித்தார், விவகாரம் முடிந்தது. ஒரு எழுத்தர் அப்படிப் பேசியிருந்தால் வருத்தத்தோடு முடிந்திருக்குமா?

அரசியலமைப்பின் 15-ஆவது பிரிவு பாலின அடிப்படையில் அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. தீர்ப்பு எழுதும் பேனா மட்டும் அரசில் சேராதா?

கறுப்பு அங்கி | சனிக்கிழமை, இரவு 9.10

சேராது. தேர்வுக்குப் படிக்கிறவர் என்பதால் சொல்கிறேன், உச்ச நீதிமன்றத்தின் மிராஜ்கர் வழக்கு, 1966. நீதித்துறைக் கடமையாக நீதிமன்றம் பிறப்பிக்கும் உத்தரவு அடிப்படை உரிமையை மீறியதாக வழக்குப் போட முடியாது, மேல்முறையீடுதான் வழி. ஊழியரை நியமிப்பது, மாற்றுவது, பதவி உயர்வு கொடுப்பது போன்ற நிர்வாக வேலையில் நீதிமன்றமும் அரசுதான். அங்கே 15-ஆவது பிரிவும் கட்டும், அரசு வேலையில் சமவாய்ப்பு தரும் 16-ஆவது பிரிவும் கட்டும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். தீர்ப்பின் வாசகத்துக்காக நீதிபதியைத் தண்டிக்கலாம் என்று ஒரு கதவைத் திறந்தால், முதலில் அதற்குள் தள்ளப்படுகிறவர் பெண்களுக்குத் துணிந்து தீர்ப்பு எழுதியவராகத்தான் இருப்பார்.

தரமணி மாணவி | சனிக்கிழமை, இரவு 9.24

சரி, ஏற்றுக்கொள்கிறேன், தண்டனை வேண்டாம். ஆனால் பயிற்சி? 2021-இல் இதே சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒருபால் இணையர் பாதுகாப்புக் கேட்டு வந்த வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தமக்கே இந்த விஷயத்தில் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து தீர்ப்பு எழுதினார். அவர் பதவிக்கு அதனால் என்ன குறைந்துபோனது? அது அவருடைய நல்ல மனம். மற்றவர்களுக்கு அது விருப்பப் பாடமாகவே இருக்க வேண்டுமா?

(தேர்வில் மிராஜ்கர் வந்தால் உங்களுக்குக் கடன்பட்டிருப்பேன்.)

ராயபுரத்துக் காற்று | சனிக்கிழமை, இரவு 10.05

எல்லோரும் கோட்டைக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் போய்விட்டீர்கள். கட்சி அலுவலகத்துக்கு யாரும் வரவில்லையே?

நான் 22 ஆண்டு கட்சிக்காரி. சுவரொட்டி ஒட்டப் பசை காய்ச்சியதிலிருந்து, வாக்குச்சாவடி முகவராக விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் உட்காருவது வரை எல்லாம் செய்திருக்கிறேன். ஒரு பெண் சட்டமன்ற உறுப்பினர் ஆவதற்கு முன் பத்து, பதினைந்து ஆண்டு யார் யார் அறைக்கு வெளியே காத்திருக்க வேண்டும் தெரியுமா? அங்கே நடப்பதற்கு எந்தக் குழு? கட்சிக்கும் தொண்டருக்கும் முதலாளி, தொழிலாளி உறவு இல்லை, அதனால் உள்ளகக் குழு அமைக்கத் தேவையில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் சொன்னது. 2025-இல் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்துவிட்டது. அம்மாவின் தம்பி மகளுக்குச் சம்பளம் வருகிறது, அதனால் சட்டம் வருகிறது. எனக்குச் சம்பளம் இல்லை, அதனால் சட்டமும் இல்லை. இலவசமாக உழைத்ததற்கு இதுதான் பரிசு!

உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016-இல் சட்டம் வந்தது. சென்னை மாநகராட்சியில் 200 வார்டு. மேயர் நாற்காலியிலேயே ஓர் இளம்பெண் வந்து உட்கார்ந்தார். பெருமைதான். ஆனால் பல வார்டுகளில் மக்கள் இன்னும் "கவுன்சிலர் வீட்டுக்காரர் இருக்கிறாரா" என்றுதான் கேட்டுக்கொண்டு வருகிறார்கள், அவரும் இருக்கிறார். சட்டமன்றத்துக்கு வந்தால் அந்தப் பாதியும் இல்லை. 2021 தேர்தலில் 234 பேரில் 12 பெண்கள். மூன்றில் ஒரு பங்கு என்று 2023-இல் நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தியது. மக்களவையில் எதிர்த்து விழுந்தது இரண்டே வாக்கு. ஆனால் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்து, தொகுதி மறுவரையறை முடிந்து அப்புறம்தான் என்று அதிலேயே எழுதிவிட்டார்கள். வேறு எந்தச் சமத்துவச் சட்டத்திலாவது "இதை எழுதியவர்களுக்கு மட்டும் பிறகு பொருந்தும்" என்று பார்த்திருக்கிறீர்களா?

ஐயப்பாடு | சனிக்கிழமை, இரவு 10.11

இந்த முறை நான் நகைச்சுவை எதுவும் சொல்லவில்லை. கடைசி வரியை இரண்டு முறை படித்தேன்.

மயிலை மாடவீதி | சனிக்கிழமை, இரவு 10.40

சட்டமன்றம் என்றதும் 1989 மார்ச் 25 நினைவுக்கு வருகிறது. வரவுசெலவுத் திட்டம் வாசித்த நாளில் சபையில் அடிதடி. எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஜெயலலிதா தம் சேலையைப் பிடித்து இழுத்தார்கள் என்றார். ஆளுங்கட்சி மறுத்தது. ஆனால் ஒரு வேடிக்கை. தமிழ்நாட்டில் மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகன்களுக்குச் சமமான பங்கு கொடுத்த சட்டத் திருத்தம் எந்தத் தேதியிலிருந்து செல்லும் தெரியுமா? அதே 1989 மார்ச் 25. இந்திய அளவில் அது வர 2005 ஆனது. எங்கள் வீட்டுப் பாகப் பிரிவினையில் இந்தத் தேதியை வைத்துத்தான் ஆறு ஆண்டு வழக்கு நடந்தது, அதனால் மனப்பாடம். அந்தத் தேதிக்கு முன்பே திருமணம் ஆகிவிட்ட மகளுக்கு அந்தத் திருத்தத்தில் பங்கு இல்லை. என் அக்காவுக்கு அதற்கு முந்தைய மாசியில் கல்யாணம்.

நெறியாளர் | சனிக்கிழமை, இரவு 10.52

1989 அடிதடியை யார் தொடங்கினார்கள் என்று அடுத்து மூன்று பேர் போட்ட பதில்களை நீக்கியிருக்கிறேன். இரு கழகத்தாரும் மன்னிக்கவும். மாடவீதி சொன்ன தேதிப் பொருத்தம் இழைக்குத் தொடர்புடையது என்பதால் அது இருக்கட்டும். கட்சிச் சண்டைக்கு வேறு இடம் இருக்கிறது.

கடல்தாண்டியவன் | ஞாயிறு, காலை 5.30

இங்கே அமெரிக்காவில் இன்னும் சனிக்கிழமை மாலை. எங்கள் ஊரில் எல்லாம் ஒழுங்கு என்று பீற்றிக்கொள்ள வரவில்லை, ஊரப்பாக்கத்தில் பிறந்தவன்தான்.

வேலையில் பாலினப் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டத்தை இங்கே 1964-இல் போட்டார்கள். போட்ட நாடாளுமன்றத்தார் தங்கள் ஊழியர்களை அதிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டார்கள். 31 ஆண்டு! தங்களுக்கும் பொருந்தும் என்று 1995-இல்தான் சட்டம் செய்தார்கள். இடையில் ஓர் உறுப்பினர், தம் பெண் உதவியாளரை, வேலையில் குறை ஒன்றும் இல்லை, அந்த இடத்துக்கு ஆண்தான் வேண்டும் என்று கடிதத்திலேயே எழுதி நீக்கினார். அந்தப் பெண் அரசியலமைப்பை வைத்தே வழக்குத் தொடரலாம் என்று 1979-இல் உச்ச நீதிமன்றம் வழி திறந்தது. கூட்டாட்சி நீதிமன்ற ஊழியர்கள் இன்றுவரை 1964 சட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.

ஆலமரம் ஐயாவின் கவலைக்குப் பதிலாக ஒரு வழக்கைச் சொல்லலாம். இல்லினாய் மாநிலத்தில் ஒரு நீதிபதி, தம் கீழ் வேலை பார்த்த பெண் அதிகாரியைப் பதவி இறக்கி, பிறகு நீக்கினார். பெண் என்பதால் செய்தார் என்று அந்தப் பெண் வழக்குப் போட்டார். நீதிபதிக்கு விலக்கு உண்டே என்று வாதாடினார்கள். உச்ச நீதிமன்றம் 1988-இல் சொன்னதன் சாரம்: விலக்கு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு அல்ல, அவர் செய்கிற தீர்ப்பு வேலைக்கு. ஆளை வேலைக்கு வைப்பதும் நீக்குவதும் தீர்ப்பு வேலை அல்ல.

அடையாறு ஆலமரம் | ஞாயிறு, காலை 7.15

நடைப்பயிற்சிக்குப் போய்விட்டு வந்து எல்லாவற்றையும் படித்தேன். இல்லினாய் வழக்கு நியாயமாகவே படுகிறது. தீர்ப்பைத் தொடாதே, தீர்ப்பு எழுதாத நேரத்தில் அந்த மனிதரும் ஒரு மேலதிகாரிதான் என்ற கோட்டை நானும் ஏற்கிறேன்.

ஆனால் கோடு போட்டால் போதுமா? விசாரிப்பது யார்? ஆட்சியர் அலுவலகத்துக் குழு, உயர் நீதிமன்ற நீதிபதியைக் கூப்பிட்டு விசாரித்தால் நாளைக்கு அரசாங்கத்தின் வழக்கு அவர் முன் வரும்போது என்ன நடக்கும்? ஓய்வு பெற்ற நீதிபதிகள் மூவரைக் கொண்டு நிரந்தரக் குழு ஒன்று வைக்கலாமே?

தட்டச்சு மேசை | ஞாயிறு, காலை 8.05

ஐயா, நீங்கள் கோட்டை ஒப்புக்கொண்டதற்கு நன்றி. குழுவில் மூவரும் ஓய்வு பெற்ற நீதிபதிகள் என்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. ஓய்வு பெற்றவர்களுக்கு நான் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறேன். பணியில் இருப்பவரைப் பற்றிப் பேசும்போது அவர்கள் குரல் தானாகத் தாழ்ந்துவிடும். ஒருவர் வெளியாள், ஒருவர் அந்த வளாகத்தில் கடைநிலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெண், அப்படி வைத்தால் பேசலாம். துப்புரவுப் பணியாளருக்குத் தெரியாத அறை எந்த நீதிமன்றத்திலும் இல்லை.

உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. பணிக்காலத்தில் எத்தனையோ நாள் அதைக் கடந்து போயிருக்கிறேன். மகனையே தேர்க்காலில் இட்ட கதையை எல்லோரும் சொல்வார்கள். நான் நினைப்பது அந்த மணியைத்தான். அரண்மனை வாசலில் கட்டியிருந்ததால்தான் பசு இழுத்தது. "உரிய வழியாக" அமைச்சரிடம் கொடுத்திருந்தால் பசுவைத் தாலுகாவுக்கு மாற்றியிருப்பார்கள்.

கறுப்பு அங்கி | ஞாயிறு, காலை 9.40

பசுவுக்கு மாற்றல் உத்தரவு! இதை நாளை வழக்கறிஞர் அறையில் சொல்லப் போகிறேன்.

ஆலமரம் ஐயா கேட்டதுதான் உண்மையான கேள்வி. இன்றைய நிலையைச் சொல்கிறேன். மாவட்ட நீதிபதி வரைக்கும் உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் வருகிறவர்கள், அரசியலமைப்பின் 235-ஆவது பிரிவு. அம்மாவின் தோழிக்கு நடந்தது இன்று நடந்தால் உயர் நீதிமன்றம் விசாரித்து அந்த அதிகாரியை வேலையை விட்டே அனுப்ப முடியும். சிக்கல் அதற்கு மேலே இருப்பவர்களுக்கு. குழு விசாரிக்கலாம், ஆனால் குழு தன் பரிந்துரையை வேலை கொடுப்பவருக்குத்தான் அனுப்பும். உயர் நீதிமன்ற நீதிபதிக்கு வேலை கொடுத்தவர் யார்? குடியரசுத் தலைவரா, தலைமை நீதிபதியா? யாரும் அவருடைய சம்பளத்தில் ஒரு ரூபாயை நிறுத்த முடியாது. எனவே, ஆலமரம் ஐயா சொன்ன பதவி நீக்கத்தை விட்டால், நீதிபதிகளே 1999-இல் ஏற்றுக்கொண்ட உள்விசாரணை முறை ஒன்றுதான் மிச்சம். சக நீதிபதிகள் விசாரிப்பார்கள், அறிக்கை வெளியே வராது.

இந்த இரண்டும் எப்படி வேலை செய்கின்றன என்பதற்கு இரண்டு உதாரணம் போதும். குவாலியரில் கூடுதல் மாவட்ட நீதிபதியாக இருந்த ஒரு பெண், உயர் நீதிமன்ற நீதிபதி மீது புகார் சொன்னார். பிள்ளையின் படிப்பு நடுவில் இருக்கும்போது தொலைவுக்கு மாற்றல் வந்தது. 2014-இல் ராஜினாமா செய்தார். அந்த நீதிபதியை நீக்கக் கோரி மாநிலங்களவை உறுப்பினர்கள் 58 பேர் கையெழுத்திட்டு விசாரணைக் குழு அமைந்தது. பாலியல் புகார் நிரூபணம் ஆகவில்லை, ஆனால் மாற்றல் முறையற்றது என்று 2017-இல் அறிக்கை வந்தது. அவரை மீண்டும் பணியில் அமர்த்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2022 பிப்ரவரியில். எட்டு ஆண்டு. அவரே நீதிபதி, அவருக்கே எட்டு ஆண்டு.

இன்னொன்று 2019. உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி மீதே முன்னாள் பெண் ஊழியர் ஒருவர் புகார் கொடுத்தார். தலைமை நீதிபதி மறுத்தார். மூன்று நீதிபதிகள் கொண்ட குழு. அதில் இருவர் பெண்கள், அவர்களில் ஒருவர் நம் உயர் நீதிமன்றத்துக்குத் தலைமை தாங்கியவர். புகார் கொடுத்தவர் தமக்கு வழக்கறிஞர் துணை இல்லை என்று சொல்லிப் பாதியில் விலகினார். புகாரில் சாரம் இல்லை என்று குழு சொன்னது. அறிக்கை வெளிவரவில்லை. அடுத்த ஆண்டு அந்தப் பெண்ணுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. புகார் உண்மையா பொய்யா என்று எனக்கு அபிப்பிராயம் சொல்ல இடமில்லை, உங்களுக்கும் இல்லை. அறிக்கை மூடியிருக்கும் வரை அந்த நீதிபதிக்கும் அது நியாயம் அல்ல என்பதுதான் என் கருத்து.

ஆனால் நீதிபதிகளைத் தொடவே முடியாது என்று நினைக்க வேண்டாம். ஊழல் தடுப்புச் சட்டம் நீதிபதிக்குப் பொருந்துமா என்ற கேள்வியை உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது யார்? சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதியாக இருந்த கே. வீராசாமி. பொருந்தும், நீதிபதியும் பொது ஊழியரே என்று 1991-இல் தீர்ப்பு. பாதுகாப்புக்காக, வழக்குப் பதியும் முன் இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்துகொள்ள வேண்டும் என்று ஒரு வாசல் வைத்தார்கள். லஞ்சத்துக்கு அப்படி ஒரு வாசல் கட்ட முடிந்ததென்றால், இதற்கும் கட்டலாம். நாடாளுமன்றம் நினைக்க வேண்டும். அவர்களுக்கு நீதிபதிகளைப் பார்த்துத் தயக்கம், இவர்களுக்கு அவர்களைப் பார்த்து. நடுவில் தட்டச்சர்.

அடையாறு ஆலமரம் | ஞாயிறு, காலை 10.20

வெளியாள் ஒருவர் இருக்கட்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அறிக்கையை வெளியிடக் கூடாது என்பதில் நான் மாறவில்லை. புகார் கொடுத்தவர் பெயரும் அதில் இருக்கும், யோசியுங்கள்.

ராயபுரத்துக் காற்று | ஞாயிறு, காலை 10.33

பெயரை மறைத்து வெளியிடத் தெரியாதா ஐயா? தினமும் செய்தித்தாளில் செய்கிறார்களே.

தட்டச்சு மேசை | ஞாயிறு, இரவு 8.45

மாலை தம்பி வீட்டுக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். இந்த இழையை அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். ராயபுரத்துக்காரர் எழுதியதைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு புகார் எழுதுகிறேன் என்றாள்.

அவளே எழுதினாள், நான் தட்டச்சு செய்தேன். கைபேசிச் செய்திகளைப் படமெடுத்துத் தேதி வாரியாக அடுக்கியிருக்கிறோம். தம்பி மட்டும், கல்யாணம் ஆக வேண்டிய பெண் என்று இரண்டு முறை சொன்னான். மூன்றாம் முறை சொல்லவில்லை.

வழக்கறிஞர் ஐயா, எத்தனை பிரதி?

கறுப்பு அங்கி | ஞாயிறு, இரவு 9.02

ஆறு. விதியிலேயே இருக்கிறது. சாட்சிகள் இருந்தால் பெயரும் முகவரியும் சேர்த்துக் கொடுங்கள். உங்களுக்கென்று ஏழாவது ஒன்று எடுத்து, அதில் அலுவலக முத்திரையும் தேதியும் போட்டு வாங்காமல் திரும்ப வேண்டாம். கடைசிச் சம்பவம் எந்தத் தேதி? மூன்று மாதம் முடிய எத்தனை நாள் இருக்கிறது?

தட்டச்சு மேசை | ஞாயிறு, இரவு 9.10

பதினோரு நாள்.

அந்தக் காலத்தில் கார்பன் வைத்து அடித்தால் ஐந்தாவது பிரதிக்கு மேல் எழுத்து மங்கிவிடும். இப்போது எங்கள் தெருமுனைக் கடையில் ஒரு பக்கம் இரண்டு ரூபாய். ஏழையும் எடுத்து வைத்துவிட்டேன்.

நாளை காலை பத்து மணிக்கு ராஜாஜி சாலை. அவளோடு நானும் போகிறேன். எந்த மாடி என்று தெரிந்தவர்கள் இரவுக்குள் சொன்னால் நல்லது, எனக்கு முழங்கால் வலி.